மஞ்சள் குடை

காலை எட்டரைக்கு
வேலை முடிந்து வந்த ஜெசிந்தா
காலணியை வாசலிலேயே உதறிவிட்டு,
"சாவி மேசையில. கார்டுல பதினாலு வெள்ளி இருக்கு.
மழை வரும், குடையை எடுத்துக்க" என்று
சுவரிடம் சொல்வதுபோல் சொல்லி
திரைச்சீலையை இழுத்துப்
பகலை அணைத்தாள்.

ஒன்பது வருடம் கழித்துப் பார்க்க வந்தவளுக்கு
ஊர்சுற்றிக் காட்ட
ஒரு பிளாஸ்டிக் அட்டையும்
கம்பி ஒடிந்த மஞ்சள் குடையும்.

கோபமெல்லாம் இல்லை என்று
மின்தூக்கிக் கண்ணாடியிடம் சொன்னேன்.
ஒன்பது மாடியும் அது நம்பவில்லை.

நகரும் படியில் வலப்பக்கம் நின்றுவிட்டேன்.
பின்னால் ஒருவர் மெல்ல இருமினார்.
அவ்வளவு மிருதுவான வசவைத்
தூத்துக்குடியில் நான் வாங்கியதில்லை.

ரயிலில் ஒரே எச்சரிக்கை நான்கு மொழிகளில்.
மற்றவர்கள் எல்லாம் சொல்லி முடித்தபின்
நம் மொழி வந்தது,
கடைசிப் பந்திக்கு வந்தவளைப்போல.
ஆனாலும் இலை போட்டிருந்தார்கள்.

சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில்
ஆளாளுக்கு அதைக் குடிப்பதுபோல்
படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நானும் வாயைத் திறந்து நின்றேன்.
எடுக்க ஆளில்லை.

அங்கிருந்து கடற்கரைப் பூங்காவுக்கு.
கண்ணுக்கெட்டிய தூரம் காத்திருக்கும் கப்பல்கள்.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
எது வெறும் வயிறு, எது நிறைசூலி என்று
நீர்க்கோட்டை வைத்தே சொல்லிவிடுவேன்,
துறைமுகத்துக்காரி.
நேற்றிரவு விமான நிலையத்தில்
ஜெசிந்தாவின் முகத்தை வைத்து
அப்படிச் சொல்ல முடியவில்லை.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.
யீஷூனில் எல்லாக் கட்டடங்களும்
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
முந்நூற்று நாற்பத்தேழா, முந்நூற்று எழுபத்துநாலா?
தவறான ஒன்பதாம் மாடியில்
தவறான பூட்டோடு மல்லுக்கட்டினேன்.
தொழுகை உடையோடு வந்த மலாய்ப் பெண்
கம்பிக்கதவுக்குள்ளிருந்து
சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சொட்டிக்கொண்டிருந்த குடையைப் பார்த்ததும் சிரித்தாள்.
"ஓ! நர்ஸ்!"
மழைக்கு அந்தப்பக்கம் விரலை நீட்டினாள்.

அந்தப்பக்கம் கீழே ஒரு கோப்பிக் கடை.
மேசைமேல் ஈரத்துணி சுழற்றிக்கொண்டிருந்த சீனர்
குடை உள்ளே வந்ததும்
துணியைப் போட்டுவிட்டுப் போய்
கேளாமலே இரண்டு பைகளில் ஊற்றிக்
கயிற்றைச் சுருக்கினார்.
ஒன்று கறுப்பு. ஒன்று பால் விட்டது.
ஒன்று போதும் என்று ஒற்றை விரல் காட்டினேன்.
தலையாட்டி மறுத்தார்.
"ஆல்வேஸ் டூ."
பிறகு சில்லறையை எண்ணியபடி,
"லாங் டைம் நெவர் கம், லா."

கதவைத் திறந்தால் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்,
தலைமுடி ஒருபக்கம் அப்பிப்போய்.
என் இரண்டு கைகளையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
நான் கேட்கவில்லை.
ஒரு கோப்பை எடுத்து வந்தாள்.
கொஞ்சம் நின்று, இன்னொன்று.

"ராத்திரி ஒன்பது மணி பஸ் ஓட்டினவர்," என்றாள்.
"ஜூன்ல ரூட் மாத்திட்டாங்க."

குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
"பேர்?"
"ஹைக்கல்."
"எங்க மாத்துனாங்க?"
"கேக்கல."
கறுப்பை என் பக்கம் தள்ளிவிட்டு
பால் விட்டதை எடுத்துக் குடித்தாள்.
முகத்தைச் சுளித்தாள்,
எவ்வளவு சீனி என்று.
மிச்சம் வைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு நிறுத்தம்வரை கூட நடந்தேன்.
மழை விட்டிருந்தது. குடை என் கக்கத்தில்.
வண்டி வந்தது, யாரோ ஓட்டிக்கொண்டு.
அவள் ஏறி அட்டையைத் தட்டினாள்,
மீதியைப் பார்த்தாள்,
சட்டென்று திரும்பி, படியிலிருந்து
கல்லூரி விடுதி மாடியில் கத்துவாளே அதே குரலில்:

"அடியே, எங்கெல்லாம்டி போன?"

கதவு மூடிக்கொண்டது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
இன்னும் கேட்டுக்கொண்டே போனாள்.